ராணிக்குச் சொன்ன வசனம்

செஞ்சிக்கோட்டை ராஜா சாகிற நேரத்தில் என்ன சொன்னான் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முனைக்கடை டீ மாஸ்டர் சொல்வார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் சொல்வார். கம்பெனி வாட்ச்மேனுக்குக் காது மந்தம், அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இத்தனைக்கும் அந்த ராஜா என் வீட்டுக்காரர்.

நிஜ ராஜாவைச் சொல்லவில்லை. அவன் வெட்டுப்பட்டுச் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. நான் விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது எண்பதுகளின் கடைசியில். அப்போது எங்கள் பீங்கான் கம்பெனியில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த ராஜாவின் கதையை நாடகமாகப் போடுவார்கள். வெளியூரிலிருந்து கூத்து ஜமா கூப்பிடுகிற வழக்கமில்லை. வேலை செய்கிற ஆட்களே வேஷம் கட்டுவார்கள். களிமண் அரைக்கிற மெஷின்காரர் எதிரி நவாபு. அச்சில் மண் ஊற்றுகிறவர் ராஜாவின் சிநேகிதன். என் வீட்டுக்காரர் சூளையில் சாமான் அடுக்குகிறவர், அவர்தான் ராஜா.

ராணிக்கு முழு ஆள் தேவையில்லை, கை மட்டும் போதும். கதைப்படி ராஜா தன் ராணியின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. கல்யாணம் ஆகியும் ஏதோ ஜாதகக் கணக்கு, இருவருக்கும் நடுவில் ஒரு திரை. போருக்குப் புறப்படும்போது திரைக்கு இந்தப் பக்கம் நின்று விடை கேட்பான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வெற்றிலை கொடுக்கும். அதை வாயில் போட்டுக்கொண்டு குதிரை ஏறிப் போகிறவன் திரும்பி வரமாட்டான். பேக்கிங்கில் வேலை செய்த ஒரு ஆள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பார். கை ரோமத்தை மழித்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்று அடம்பிடிப்பார்.

எனக்குப் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் ஜாஸ்தி. நடவு நடுகிற ஆள் முதல் சாமியாடி வரை யார் வந்தாலும் ஒரு பேச்சுக் கச்சேரி நடக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளை இந்தப் பேசாமடந்தைக்குக் கட்டி வைத்தார்கள். "சாப்புடுறீங்களா?" என்பேன். "ம்." "குழம்புல உப்பு சரியா இருக்குதா?" "ம்." புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரில் போய் நிற்பேன். செருப்பைத் தேடுவார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏங்க, நான் என்னா மண்ணு பொம்மையா? ரெண்டு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிடுவீங்க?"

துண்டை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார். "சூளைக்குள்ள பேசக்கூடாது. அடுக்குற நேரத்துல கவனம் தப்பிச்சின்னா மொத்தமும் சரிஞ்சிடும். அப்புடியே பழகிப்போச்சு."

"இது சூளையா, வூடா?"

"வூடுதான்," என்றார். அதோடு அன்றைய கோட்டா முடிந்தது.

கல்யாணமான வருஷமே ஆயுத பூஜை வந்தது. நானும் அதே கம்பெனியில் பெயின்டிங்கில் சேர்ந்திருந்தேன், பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, மண் காய வைக்கிற பலகைகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டினார்கள். நான் என் நாத்தனாரோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்கள் பெயின்டிங்கிலேயே மூத்த கை. மாமியார் இல்லாத வீட்டில் மாமியார் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவர்.

அரிதாரம் பூசி, மரக் கிரீடம் வைத்து, இடுப்பில் பொய்க்கால் குதிரையைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். வந்து வாயைத் திறந்தார். அடி ஆத்தி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் என்றால் குரல், கேட் தாண்டி ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். நவாபை ஒரு பிடி பிடிக்கிறார், சிநேகிதனைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார், குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொஞ்சுகிறார். இந்த மனுஷனுக்குள் இத்தனை பேச்சு இருக்கிறது, எனக்கு மட்டும் 'ம்'மா? பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. எது ஜாஸ்தி என்று கேட்டால் வயிற்றெரிச்சல்தான்.

சண்டை தொடங்கியது. சிநேகிதன் செத்தான். ராஜா மார்பில் வெட்டுப்பட்டுத் தள்ளாடினார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரி, எந்திரி. வூட்டுக்குப் போ."

"ஏண்ணி? இன்னும் முடியலையே?"

"அதான் போவச் சொல்றேன். சாவு வேஷம் கட்டுறவன் சாவறத அவன் பொண்டாட்டி பாக்கக்கூடாது. கடைசி வசனத்த காதால கேக்கவும் கூடாது. கேட்டுட்டா அது நெசமாப் போயிடும். நம்ம கம்பெனில தொன்னுதொட்டு இருக்குற வழக்கம். போடி."

"நீங்களும் வாங்க அண்ணி."

"நான் அக்காதான? எனக்கில்ல," என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, அந்த அம்மாள் ஓடிப்போய் மறுபடி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் வீடு கம்பெனிக்கு எதிர்த்தெருவில்தான் இருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அதுவரை எல்லாம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குள் நுழைகிறேன், யாரோ மரத்தில் ஏறிக் குழாயை ரயில் ஜங்ஷன் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். அதுவும் வழக்கமாம். பிளாட்பாரத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரரின் வசனம் கேட்கும். நான் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கவேண்டும்.

நாடகம் முடிந்து அவர் வந்தார். செத்துப் பிழைத்த ஆள் நேராக உள்ளே வரக்கூடாது. வாசலில் நிறுத்தி, பொண்டாட்டிதான் சூடம் சுற்றிப் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும். அரிதாரம் கரைந்து வழிய நின்றார். என் கோபத்துக்கு ஒரு குடம் போதவில்லை, இரண்டாவது குடமும் எடுத்து ஊற்றினேன்.

"கடைசியா என்னா சொன்னீங்க?"

"அத வூட்டுக்குள்ள பேசக்கூடாது."

"நீங்க இன்னும் வாசல்லதான நிக்கிறீங்க?"

"ம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துண்டைத் தேடினார்.

மறுநாள் வேலையில் எல்லாப் பெண்களையும் கேட்டுப் பார்த்தேன். வசனத்தை வார்த்தைக்கு வார்த்தை சொல்லமாட்டார்களாம், பொண்டாட்டி காதில் போட்டால் அதுவும் குற்றமாம். விஷயத்தை மட்டும் சொன்னார்கள். ராஜா இடுப்பிலிருந்த குதிரையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசினாராம். உன்னை யார் இனி தேய்த்து விடுவார்கள், யார் கொள்ளு வைப்பார்கள் என்று அழுதாராம். அப்புறம் செத்துக் கிடக்கிற சிநேகிதனிடம் பேசினாராம். அப்புறம் கோட்டையைப் பார்த்து.

"ராணிகிட்ட?"

"ராணிகிட்ட ஒண்ணும் சொல்லலியே," என்றாள் ஒருத்தி.

"அப்ப உனுக்கும் ஒண்ணும் இல்லடி," என்றாள் இன்னொருத்தி. அறையே சிரித்தது. அன்றைக்கு நான் எழுதிய பொம்மைகளுக்கெல்லாம் கண் முறைத்துக்கொண்டுதான் வந்திருக்கும்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த ராஜா உண்மையில் என்ன சொல்லிச் செத்தான் என்று யாருக்குத் தெரியும்? வெட்டும் குத்தும் நடக்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் யார்? கம்பெனி ஆட்களுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இதை நேர்மையாக ஒப்புக்கொள்வாராம். பாட்டும் மற்றப் பேச்சும் அவர் கொடுத்தது. கடைசி வசனத்தை மட்டும் எழுதித் தரமாட்டார். 'அது எனக்குத் தெரியாது, வேஷம் கட்டுறவன் மனசுல என்னா வருதோ அதச் சொல்லட்டும்' என்று விட்டுவிடுவார். ஆகவே அந்தக் குதிரைக்கு அழுதது ராஜா இல்லை, என் வீட்டுக்காரர். இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

சாயங்காலம் அவர் கையைக் கழுவி உட்காரும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

"மரக்குதிரைக்கு அவ்வளவு பேச்சு. கட்டுனவளுக்கு ஒரு வார்த்த இல்லியா?"

"ராஜா ராணி மூஞ்சியவே பாத்ததில்ல. என்னான்னு சொல்லுவான்?"

"பாக்காட்டி என்னா? அவ குடுத்த வெத்தலைய வாயில போட்டுக்கிட்டுதான போனான்? சாவும்போது அந்த ருசிகூடவா நெனப்புக்கு வராது? நல்ல ராஜா!"

அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து என் முகத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கே கூச்சமாகப் போய், குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காலையில் வேஷ்டி மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார், "ராணிக்கும் சேத்திருக்கறேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, என்ன என்று கேட்பதற்குள் ஆள் தெரு தாண்டிவிட்டார்.

அன்றைக்கும் என்னை வெட்டுப்படுகிற இடத்தில் எழுப்பி அனுப்பினார்கள். அன்றைக்கும் குழாயைத் திருப்பினார்கள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். போன வருஷம் அந்த நேரத்தில் விசிலும் கைதட்டலும் கேட்டது. இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு கூட்டமும் எழுந்து போய்விட்டதோ, அவருக்கு வசனம் மறந்து மானம் போய்விட்டதோ என்று கேட் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

பிறகு நாத்தனார் வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னிடம் வந்து என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் என்னை ஆசையாகத் தொட்டு ஒரு நாளும் பேசினதில்லை. "குடுத்து வெச்சவ நீ," என்றார். "என் தம்பிக்குள்ள இது இருக்குதுன்னு எனக்கே தெரியாதுடி."

"என்னா சொன்னாருண்ணி?"

"சொல்லக்கூடாது," என்று வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் அழுதார்.

அதிலிருந்து என்னைப் பிடித்தது சனி. பெயின்டிங்கில் என்னைக் கேலி செய்த வாயெல்லாம் அடைத்துப்போயிற்று. ஒருத்தி தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு வடை எடுத்து வைத்தாள். ராணியின் கையாக நின்ற பேக்கிங் ஆள் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டார். அவரையும் கேட்டேன். "யக்கா, என்னைக் கேக்காதீங்க. திரைக்குப் பின்னால கையக் கடிச்சிக்கிட்டு நின்னேன், வளையல்லாம் ஒடஞ்சிப்போச்சு," என்றார். அந்தத் தடியான ஆளையே அழவைத்த வார்த்தை எனக்குச் சொன்ன வார்த்தை. எனக்குச் சொன்னதை நான் கேட்கக்கூடாது, அவர் கேட்கலாம். இது எந்த ஊர் நியாயம்?

வருஷா வருஷம் அதே வசனம்தான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் மத்தியானமே வந்து இடம் பிடித்தார்கள். ஒரு வருஷம் நான் வீட்டுக்குப் போகிறமாதிரிப் போய், பின்பக்கமாக வந்து, காயப்போட்ட ஜாடிகள் அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ராஜா குதிரையை அவிழ்க்கிற இடம் வந்தது. நாத்தனாருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ தெரியவில்லை, என் கொண்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "உன் தாலி உனுக்கு பாரமா இருக்குதா?" என்று ஒரு கேள்வி கேட்டார். வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். அவர் கேட்டதற்காக அழவில்லை. ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? ஊரே வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுவிட்டு வந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது. வீட்டில் எனக்குக் கிடைப்பது பழைய 'ம்'தான்.

ஒருமுறை நானும் அவரும் எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறோம். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அவர். கூட்டமில்லை. சரி, இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க, இது வூடு இல்ல, பஸ்ஸு. வேஷமும் கட்டல. இங்க சொல்லலாம்ல?"

சிரித்தார். அவர் சிரித்தால் கடைவாயில் ஒரு பல் இல்லாதது தெரியும். "எங்க சொன்னாலும் உன் காதுலதான வுழும்?"

"நெசமாவே நீங்க அத நம்புறீங்களா?"

"நம்பல."

"பின்ன?"

"பயமா இருக்குது."

"சாவறதுக்கா?"

"அதுக்கில்ல." வெளியே வயல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பூட்டா நீ யார்கிட்ட சண்ட போடுவ? உனுக்குப் பொழுது போவாதே."

எனக்குத் திரும்பிப் பேச வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி உருண்டையாக்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சூளைச் சூடுதான் உடம்பில் ஏறியிருக்கிறது, மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சூளை ஆட்கள் எல்லோருமே இப்படித்தான், உடம்பு கொதித்தால் வேலைச் சூடு என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருநாள் அடுக்கிக்கொண்டிருந்தவர் அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். டைபாய்டு, முற்றிவிட்டது என்றார்கள். வாடகைக் காரில் போட்டுக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆளே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயி ஒருவர் படுத்திருந்தார். அவருக்குத் துணையாக இருந்த அம்மாதான் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாத்தனாரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நாத்தனார் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "ஜன்னி கண்டிருக்குதாம். இன்னைக்குப் பொழுது தாண்டிட்டா பொழச்சிக்குவானாம்," என்றார்.

நாத்தனார் இளநீர் வாங்கக் கீழே இறங்கிப் போனார். வெயில் ஏறியிருந்தது. வார்டில் பார்க்க வந்தவர்கள் கூட்டம். அப்போது அவர் கை படுக்கையைத் தட்ட ஆரம்பித்தது. தட்டித் தட்டித் தடவியது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கை இடுப்புக்குப் போய் எதையோ அவிழ்த்தது. அவிழ்த்ததைப் பக்கத்தில் வைத்தது.

குதிரையை அவிழ்க்கிறார்.

வாய் திறந்தது. அவ்வளவு காய்ச்சலிலும் அந்தக் குரல் வந்தது, கம்பெனி மேடைக் குரல். உன்னை இனி யார் தேய்த்து விடுவார்கள் என்று குதிரையைக் கேட்டார். வார்டில் திரும்பிப் பார்த்தார்கள். சிநேகிதனைக் கூப்பிட்டார். கோட்டையைக் கூப்பிட்டார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். அப்புறம் மிக மெதுவாக, "ராணி," என்றார்.

என்னைக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக நாத்தனார் இல்லை. குழாயைத் திருப்ப ஆள் இல்லை. எத்தனை வருஷமாக எதற்காக அடித்துக்கொண்டேனோ அது இதோ என் முன்னால் வாய் திறந்து வருகிறது. பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் என் மனசு தாவியது. கேட்டுவிடு, இதை விட்டால் இனிமேல் உனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சொன்னது. கிடைக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று அடுத்த மூச்சில் புரிந்தது.

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். மூச்சுத் திணறித் தலையை ஆட்டினார். "ஏம்மா, அறிவிருக்குதா உனக்கு?" என்று நர்ஸ் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் மறுபடியும் "ராணி" என்றார். நான் என் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அப்போதும் குரல் விரல் இடுக்கில் கசிந்தது. உதடு அசைவதைப் பார்த்தாலே புரிந்துவிடுமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, "பழமலநாதா, பழமலநாதா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் ஊர் சாமி எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கேட்கட்டும், அவர் சொல்வது மட்டும் எனக்குக் கேட்கவேண்டாம். வார்டே என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும். நினைத்துக்கொள்ளட்டும். வேண்டாங்க, எனக்குச் சொல்லாதீங்க, உங்க 'ம்' போதும், ஆயுசுக்கும் அதுவே போதும் என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தேன். பக்கத்துப் படுக்கை அம்மா நின்றுகொண்டிருந்தார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டிருந்தார்.

"தாயி, கேட்டியா? உன்னத்தான்…" என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க," என்று அவர் காலில் விழுந்துவிட்டேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போவும். சொல்லிடாதீங்கம்மா."

அந்தப் பொழுது தாண்டியது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. இரண்டு மூன்று நாளில் கஞ்சி குடித்தார். நாத்தனார் நடந்ததையெல்லாம் நர்ஸிடமும் பக்கத்துப் படுக்கை அம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்று விடாமல் தம்பியிடம் ஒப்பித்துவிட்டு ஊருக்குப் போனார். நான் கஞ்சி டம்ளரோடு வந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?"

"இல்ல."

"அத்தன வருசமா என் உசுர வாங்கினியே. நானே சொல்லும்போது காதப் பொத்திக்கிட்டியாமே?"

"கேட்டா நீங்க போயிடுவீங்க." இவ்வளவு சொல்வதற்குள் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. டம்ளர் ஆடிக் கஞ்சி என் கையெல்லாம் வழிந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வார்டில் அத்தனை பேர் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். வீட்டில் ஒரு நாளும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "இப்பச் சொல்லட்டா? ராஜா சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

என் மனசு தாவவே இல்லை. "வேணாங்க. அத உள்ளயே வெச்சிக்குங்க. என்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு உங்ககிட்ட பாக்கி இருக்கணும். அது இருக்கிற வரைக்கும் நீங்க இருப்பீங்க."

"ம்," என்றார்.

அதற்கப்புறம் அவர் ராஜா வேஷம் கட்டவில்லை. வசனத்தை வேறு யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. இன்றுவரை என்னிடமும் சொல்லவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.